1988 மாடல் பழைய புல்லட் வாங்கலாமா? தினமும் ஓட்டினால் செலவு எவ்வளவு ஆகும், பாதுகாப்பா?

நீங்கள் கேட்டிருப்பது 1988 புல்லட் 350 பற்றி. வார்ப்பிரும்பு இன்ஜின், வலது கால் கியர், 95,000 ரூபாய் சொல்கிறார்கள், தினமும் வேலைக்கு முப்பது கிலோமீட்டர், எப்போதாவது மலைப்பக்கம் போக ஆசை. தாராளமாக வாங்கலாம். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே வண்டியாக இதை வாங்காதீர்கள். ஒரு உதிரிபாகம் வர நான்கு நாள் ஆனால் அந்த நான்கு நாளும் நீங்கள் வேலைக்குப் போகவேண்டும். இரண்டாவது வண்டி இருந்தால்தான் பழைய வண்டியை அவசரப்படாமல், அரைகுறை வேலை பார்க்காமல் வைத்திருக்க முடியும். அந்த இரண்டாவது வண்டியாலேயே வரும் ஒரு ஆபத்தும் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது 1986 மாடல். அப்பா வாழைக்காய் மண்டி வைத்திருந்தார், 1991இல் இரண்டாம் கையாக வாங்கினார், 2009இலிருந்து என்னிடம் இருக்கிறது. நம்பர் பிளேட்டில் டிஎன் கிடையாது, அதற்கு முந்தைய மூன்றெழுத்து வரிசை. அப்பா வண்டிக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தார், எண்ணெய் மாற்றிய தேதி முதல் பஞ்சர் வரை எல்லாம் அதில் இருக்கும், நானும் அதிலேயே தொடர்ந்து எழுதுகிறேன். கீழே வரும் செலவுக் கணக்கெல்லாம் அந்த நோட்டிலிருந்து எடுத்தது.

முதலில் எல்லோரும் பயப்படுவது ஸ்பேர் கிடைக்குமா என்றுதான். கிடைக்கும். 1955இல் இராணுவத்துக்காகச் சென்னையில் தயாரிக்கத் தொடங்கி, பிறகு திருவொற்றியூரில் நிலைத்த அந்த வண்டியின் இன்ஜின் அமைப்பு, வார்ப்பிரும்பு இன்ஜினை 2010 வாக்கில் நிறுத்தும் வரை பெரிதாக மாறவே இல்லை. அதனால் பிஸ்டன், வால்வு, கிளட்ச் பிளேட், கேபிள் எல்லாம் இன்னும் புதிதாகவே வருகின்றன. வராத சில்லறைச் சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது, நல்ல லேத் பட்டறை ஒன்று பழக்கமாக இருந்தால் அதைவிட விசேஷம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய புல்லட்டில் பல நட்டுகள் பிரிட்டிஷ் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் நாலு தடவை திருப்பினால் நட்டின் முனை மழுங்கிவிடும். அந்த அளவு ஸ்பேனர் செட் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் மட்டும் வண்டியை விடுங்கள்.

செலவு. பதினாறு வருடத்தில் எனக்குப் பெரிய வேலை இரண்டு. 2012இல் கிராங்கைப் பிரித்து கனெக்டிங் ராட் மாற்றியது, அப்போது கூலியோடு 7,500. 2018இல் தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தைக் கொஞ்சம் குடைந்து (இதைத்தான் போர் வேலை என்பார்கள்) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டது, 5,200. இன்றைக்குப் போனால் இரண்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். மற்றபடி எண்ணெய், பிளக், சிபி பாயிண்ட் (மூடித் திறந்து பிளக்கில் பொறி வரவைக்கும் சின்ன சுவிட்ச்), கேபிள், பிரேக் ஷூ என்று போன வருடம் மொத்தம் 8,400 ரூபாய், நான் ஓட்டியது சுமார் 4,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 32 கிடைக்கிறது. உங்கள் ஓட்டம் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வரும், ஆக வருடம் 18,000 என்று ஒதுக்கிவிடுங்கள். அதோடு, வாங்கும் விலைக்கு மேல் ஒரு 25,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள், முதல் ஆறு மாதத்தில் அது நிச்சயம் போகும். அந்தப் பணத்தில் முதலில் பிரேக், டயர், வயரிங். பிறகு இன்ஜின். பெயின்ட்டும் குரோமும் கடைசியில். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கும்: டேங்க் கண்ணாடி மாதிரி மின்னும், முன்பிரேக்கைப் பிடித்தால் லீவர் கைப்பிடி வரை வந்து முட்டும்.

இந்த வண்டியைக் கட்டுப்படியாகும் செலவில் வைத்திருக்க ஒரே வழி, இரண்டு மூன்று வேலைகளை நீங்களே கற்றுக்கொள்வது. முதலாவது ஸ்டார்ட் செய்வது. சாவியைப் போட்டு, கிக்கரைக் காலால் மெல்ல அழுத்தினால் ஒரு இடத்தில் கெட்டியாக நிற்கும். அப்போது ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும், மின்சார ஓட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டரைப் பாருங்கள், முள் இடது பக்கம் சாய்ந்திருந்தால் பாயிண்ட் இன்னும் மூடியிருக்கிறது. சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சமே கொஞ்சம் அழுத்தினால் முள் நடுவுக்கு வரும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு எடையையும் போட்டு ஒரே உதை. சரியாகச் செய்தால் என் பதிமூன்று வயது மகனே ஸ்டார்ட் செய்துவிடுகிறான். முள்ளைப் பார்க்காமல் ஆத்திரத்தில் உதைத்தால், அதுவும் பிளக்கில் பொறி விழும் நேரம், அதாவது டைமிங், முன்னால் போயிருந்தால், கிக்கர் ரிட்டன் அடித்துக் கணுக்காலை உடைக்கும். செருப்புக் காலோடு இந்த வண்டியை உதைக்கவே கூடாது.

இரண்டாவது டேப்பெட், அதாவது வால்வைத் திறக்கும் பாகங்களின் இடைவெளியைச் சரிபார்ப்பது. இதைக் காலையில், இன்ஜின் சில்லென்று இருக்கும்போது செய்யவேண்டும். வலது பக்கம் உள்ள சின்ன மூடியைக் கழற்றினால் வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பிகள், இரண்டு புஷ்ராட், தெரியும். வால்வு இரண்டும் மூடியிருக்கும் நிலைக்குப் பிஸ்டனைக் கொண்டுவந்து, புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் அசைத்தால் துளிகூட ஆடக்கூடாது. ஆடினால் அதுதான் அந்த டக் டக் சத்தம். சுழலவே மறுத்தால் அது இன்னும் மோசம், சத்தம் போடாமல் வால்வைச் சுட்டுவிடும். பத்து நிமிட வேலை, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் கூட வேண்டாம், விரலே போதும். அப்பா இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார், விரலுக்குத் தெரியும் என்பார், ஒரு வருடம் செய்த பிறகுதான் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 346 சிசி, 18 குதிரைத்திறன், போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 90 மில்லிமீட்டர். நீள ஸ்ட்ரோக் இன்ஜின், நிதானமாக இழுக்கத்தான் செய்திருக்கிறார்கள். அறுபதில் நாள் முழுக்கப் போகும். நான்குவழிச் சாலையில் 90இல் அரை மணி நேரம் தொடர்ந்து விரட்டினால் சூடேறி பிஸ்டன் சிலிண்டரில் இறுகி, சீஸ் ஆகிவிடலாம். பைபாஸில் இடது ஓரமாக, கண்ணாடி இரண்டையும் மாட்டிக்கொண்டு போகப் பழகுங்கள், பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் உங்களைவிட வேகமாகத்தான் வருவார்கள்.

சரி, அந்த ஆபத்துக்கு வருகிறேன். இந்தப் பதிலில் ஒரு பத்தியைத்தான் படிக்க முடியும் என்று யாராவது சொன்னால் இதைப் படியுங்கள் என்பேன். இந்த வண்டியில் கியர் வலது கால், பிரேக் இடது கால். கியர் முறை ஒன்று மேலே, மூன்று கீழே. இன்றைய கியர் பைக்குகள் எல்லாவற்றிலும் வலது கால்தான் பிரேக். 2014இல் ஒரு வாரம் முழுக்க மற்ற வண்டியில் அலைந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மனைவியை ஏற்றிக்கொண்டு புல்லட்டில் கொடைக்கானல் போனேன். இறங்கும்போது பெருமாள்மலை தாண்டி ஒரு வளைவில், இரண்டாவது கியரில் வந்துகொண்டிருக்கிறேன், எதிரே ஏறிவந்த பஸ் வளைவை முழுக்க அடைத்துக்கொண்டு வந்தது. பிரேக் என்று நினைத்து வலது காலை ஓங்கி மிதித்தேன். மிதித்தது கியர் லீவர். கீழே மிதித்தால் இந்த வண்டியில் கியர் கூடும். இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறி, அதுவரை பிடித்துவைத்திருந்த இன்ஜினின் பிடிமானமும் போய், இறக்கத்தில் வண்டி முன்னால் பாய்ந்தது. முன்பிரேக்கையும் இடது காலையும் சேர்த்துப் பிடித்து, கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, என் தோளைப் பிடித்திருந்த கையை மட்டும் வெகுநேரம் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து, மற்ற வண்டியிலிருந்து இதற்கு மாறும்போதெல்லாம் எங்கள் தெருவிலேயே பத்துத் தடவை போய் நிறுத்தி நிறுத்திப் பழகிவிட்டுத்தான் மெயின் ரோட்டுக்கு ஏறுகிறேன். மலை இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினேனோ அதற்கு மேல் கியர் போடுவதில்லை. டிரம் பிரேக் சூடேறினால் பிடிமானம் குறைந்துகொண்டே போகும், ஏபிஎஸ் எல்லாம் கிடையாது, ஆகவே வேகத்தை இன்ஜின் பிடிக்கவேண்டும், பிரேக் நிறுத்துவதற்கு மட்டும். உங்களுக்கும் தினமும் இரண்டு வண்டியும் மாறி மாறி ஓட்டும் நிலை வருமென்றால், இடது கியராக மாற்றிய பிந்தைய மாடல் ஒன்றைத் தேடுங்கள் என்றுதான் சொல்வேன். வலது கியரில் இருக்கும் அழகு எனக்குத் தெரியும், ஆனாலும் அதைத்தான் சொல்வேன். ஐஎஸ்ஐ ஹெல்மெட், பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து, இதில் பேச்சே வேண்டாம்.

டயரில் பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2216 என்றால் 2016இன் 22ஆவது வாரம் செய்தது. பழைய வண்டிகள் ஓடாமலே நிற்பதால் டயர் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும், ரப்பர் கெட்டுப் பிளவு விட்டிருக்கும். இது டியூப் டயர், வெடித்தால் காற்று ஒரே நொடியில் போய்விடும். பிரேக் டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ ஏர் பிடித்தோ ஊதாதீர்கள், பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பெட்ரோல் விஷயம் புதிது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க் உள்ளே துரு வரும், பழைய ரப்பர் குழாய் ஊறி இளகும். நான் பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டரில் உள்ள ரப்பர் வளையங்களையும் மாற்றிவிட்டேன், இருநூறு முந்நூறு ரூபாய்தான். பத்து நாளுக்கு மேல் ஓட்டமாட்டேன் என்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, வண்டி தானாக அணையும்வரை ஓடவிட்டு நிறுத்துகிறேன்.

ஆர்சி பற்றி. 15 வருடம் ஆனதற்காக மட்டும் தமிழ்நாட்டில் சொந்த வண்டியை ஓட்டக்கூடாது என்று இல்லை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய பைக்குக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் ஆக்கினார்கள், கார் என்றால் 10,000. பசுமை வரி தனி. தவறவிட்டால் பைக்குக்கு மாதம் 300 ரூபாய் அபராதம், ஆகவே விற்பவர் எத்தனை வருடம் விட்டிருக்கிறார் என்று கணக்குப் போட்டு விலையில் கழியுங்கள். 150 சிசிக்கு மேல் 350 சிசி வரை மூன்றாம் நபர் காப்பீட்டின் அடிப்படைக் கட்டணம் வருடம் 1,366, அதை ஒரு நாளும் விடவேண்டாம். பழைய புத்தக ஆர்சி பல இன்னும் கம்ப்யூட்டரில் ஏறாமலே இருக்கும், பணம் கொடுப்பதற்கு முன் பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

வண்டி பார்க்கப் போகும் நாளில், முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் சிலிண்டர் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஹெட்டுக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டை அரைச்சுற்று இளக்கச் சொல்லுங்கள், எண்ணெய் கசிந்து வந்தால் பம்ப் வேலை செய்கிறது. ரொம்ப நாள் நின்ற வண்டி முதலில் கொஞ்சம் நீலப்புகை விடும், எண்ணெய் கீழே இறங்கியிருக்கும், அது குற்றமில்லை. ஐந்து நிமிடம் கழித்தும் விட்டால் போர் வேலை இருக்கிறது. கடைசியாக இன்ஜின் நம்பரையும் சேஸில் அடித்திருக்கும் நம்பரையும் ஈரத்துணியால் துடைத்து, ஆர்சியோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். ஒரு இலக்கம் மற்றவற்றைவிட ஆழமாகவோ சாய்வாகவோ தெரிந்தாலும், சுற்றிலும் ராவிய தடம் இருந்தாலும், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.