மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களும் மற்ற மாணவர்களும் ஒரே பள்ளி அணியில் ஆடுவது சரிப்படுமா? ஆட்டம் அனுதாபக் காட்சியாக மாறிவிடாதா?

மாறிவிடும். கவனிக்காமல் விட்டால் கட்டாயம் மாறிவிடும். நானே அப்படி ஓர் ஆட்டத்தை நடத்தியவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

உடற்கல்வி ஆசிரியராக நான் முதன்முதலில் அமைத்த கலப்புக் கூடைப்பந்து அணியில் அறிவுசார் குறைபாடுள்ள ஒரு மாணவன் இருந்தான். பலகைக்கு இடப்பக்கம் நின்று பந்து எறிவதை மட்டும் இரண்டு மாதம் விடாமல் பழகியிருந்தான். நட்பு ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பந்து அவன் கைக்கு வந்தது. எதிரணியின் ஐந்து பேரும் பேசி வைத்தாற்போல் ஒதுங்கி நின்றார்கள். இரண்டு முறை தவறவிட்டான், மூன்றாவது முறை பந்து வளையத்துக்குள் விழுந்தது. அரங்கமே எழுந்து கைதட்டியது, நானும் கைதட்டினேன். மறுநாள் பயிற்சிக்கு வந்தவன் காலணி நாடாவைக் கட்டாமலே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தான்: "பந்தைப் பறிக்க யாருமே வரவில்லை சார்."

பயிற்சியில் சக மாணவர்கள் அவனிடம் முட்டி மோதிப் பந்தைப் பறிப்பார்கள். ஆகவே உண்மையான ஆட்டம் எப்படி இருக்கும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அது தெரியாதவனைப் போல அவனை நடத்தியது நாங்கள்தான்.

அதற்குப் பிறகுதான் விதிகளை ஒழுங்காகப் படித்தேன். 1968இல் சிகாகோவில் முதல் போட்டிகளை நடத்திய சிறப்பு ஒலிம்பிக்ஸ் அமைப்பு, 'ஒருங்கிணைந்த விளையாட்டு' என்ற முறையைப் பல ஆட்டங்களுக்கு வகுத்து வைத்திருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் அதில் 'வீரர்கள்', மற்றவர்கள் 'கூட்டாளிகள்'. கூடைப்பந்தில் களத்தில் நிற்கும் ஐவரில் மூவர் வீரர்கள், இருவர் கூட்டாளிகள். எழுவர் ஆடும் கால்பந்தில் நான்கும் மூன்றும். இந்தக் கணக்கை நான் முதலில் வெறும் சடங்கென்றே நினைத்தேன். களத்தில் இறக்கிப் பார்த்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. ஐவரில் ஒரே ஒருவன் மட்டும் மாற்றுத்திறனாளி என்றால் மற்ற நால்வரும் அவனைச் சுற்றிப்போய் ஆடிவிடலாம். மூவர் இருந்தால் அது முடியாது. அவர்கள் தடுக்காமல் தற்காப்பு நிற்காது, அவர்கள் பந்தைக் கடத்தாமல் தாக்குதல் நகராது.

எண்ணிக்கை சரியாக இருந்தும் ஆட்டம் கெட்டுப்போவதுண்டு. திறமைசாலியான ஒரு கூட்டாளி எல்லாப் பந்தையும் தானே எடுத்துக்கொண்டு ஓடினால், மற்ற நால்வரும் காவலுக்கு நிற்பவர்களாகிவிடுவார்கள். இதைத்தான் 'ஆதிக்கம்' என்று குறிப்பிட்டு அந்த முறை கண்டிக்கிறது. போட்டி நிலை அணிகளுக்கு வீரர்களும் கூட்டாளிகளும் ஏறத்தாழ ஒரே வயதும் திறமையும் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான். திறமையில் பெரிய இடைவெளி இருந்தால் கற்றுக்கொடுத்து ஆடும் வளர்ச்சி நிலை தனியாக இருக்கிறது, பொழுதுபோக்குக்கான நிலையும் இருக்கிறது. வளர்ச்சி நிலைக்குரிய குழுவைப் போட்டியில் இறக்கியதுதான் நான் செய்த தவறு.

கூட்டாளிகளைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. பள்ளியின் முதல் அணியில் ஆடும் நட்சத்திரங்களை அழைக்காதீர்கள். சேவைச் சான்றிதழுக்காக வருகிறவர்களையும் தவிருங்கள். முதல் அணியில் இடம் கிடைக்காத, ஆனால் ஆட வேண்டும் என்று துடிக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த அணியின் வெற்றி உண்மையாகவே தேவைப்படும். தன் அணி தோற்றால் வருந்துகிறவன்தான் பக்கத்தில் நிற்பவனிடம் "ஏன் விட்டாய், ஓடு!" என்று கத்துவான். அந்தக் கத்தலைக் கேட்டுப் பெற்றோர் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது இனிமையாகவே இருந்தது.

உடற்குறைபாடு, பார்வைக் குறைபாடு உள்ளவர்களைச் சேர்க்கும்போது கணக்கு வேறு. அங்கே ஆட்களின் எண்ணிக்கையை விட ஆட்டத்தின் அமைப்பை மாற்றுவதே பலன் தருகிறது. சக்கர நாற்காலி டென்னிஸில் பந்து இரண்டு முறை தரையில் பட்ட பிறகும் அடிக்கலாம். நாற்காலியில் இருப்பவரும் நின்று ஆடுபவரும் மோதும்போது அவருக்கு இரண்டு, இவருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும், ஆட்டம் சூடு பிடித்துவிடும். உட்கார்ந்து ஆடும் கைப்பந்துக்கு வலையைத் தாழ்த்திக் கட்டினால் வகுப்பு முழுவதும் ஆடலாம். இடுப்பைத் தரையிலிருந்து தூக்காமல் நகர்வது எவ்வளவு கடினம் என்பது நன்றாக ஓடுகிற பிள்ளைகளுக்கு ஐந்தே நிமிடத்தில் புரிந்துவிடும். பந்தின் ஒலியைக் கேட்டே ஆடும் கோல்பால் இன்னும் விசேஷமானது. பந்துக்குள் மணி இருக்கும், எல்லோர் கண்ணும் மூடப்பட்டிருக்கும், பார்வையாளர்கள் மூச்சுவிடாமல் அமர்ந்திருக்க வேண்டும். பார்வையற்ற மாணவி ஒருத்தி அதில் எதிரணியைத் திணறடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்று அவளுக்கு யாரும் வழிவிட வேண்டியிருக்கவில்லை. செவித்திறன் குறைந்தவர்கள் அணியில் இருந்தால் விசிலோடு கொடியையும் அசைக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான் வேலை.

பாதுகாப்பு பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். டவுன் நோய்க்குறி (பிறவியிலேயே வரும் ஒரு மரபணு மாறுபாடு) உள்ள சிலருக்குக் கழுத்தின் மேற்பகுதியில் உள்ள முதல் இரண்டு எலும்புகளின் இணைப்பு தளர்வாக இருக்கும். தலைகீழாகப் பாய்வது, குட்டிக்கரணம் அடிப்பது, தலையால் பந்தை முட்டுவது போன்றவற்றுக்கு முன் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். இதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

சீருடை, பயிற்சி நேரம், பயண பஸ் ஆகிய மூன்றும் பள்ளியின் மற்ற அணிகளுக்கு எப்படியோ அப்படியே இந்த அணிக்கும் இருக்கட்டும். பழைய சட்டையைக் கொடுத்துவிட்டு 'நாம் எல்லோரும் ஒன்று' என்று பேசினால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

அந்த மாணவன் மூன்று வாரம் களத்துக்குள் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அணியை மாற்றி அமைத்து, எதிரணிப் பயிற்சியாளரிடமும் பேசிவிட்டு, "இந்த முறை பறிக்க வருவார்கள்" என்று சொன்ன பிறகுதான் நாடாவைக் கட்டினான். அந்த ஆட்டத்தில் அவனுக்கு ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. பந்தை மூன்று முறை பறிகொடுத்தான், ஒரு முறை பறித்தான். தள்ளியதாக நடுவர் விசில் ஊதியதும் நேரே அவரிடம் போய் வாதம் செய்தான். அணியில் வேறு யாராக இருந்தாலும் என்ன செய்வேனோ அதையே செய்தேன். இரண்டு நிமிடம் அவனை வெளியே உட்கார வைத்தேன். கோபத்தோடு உட்கார்ந்தவன், நேரம் முடிந்துவிட்டதா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தான்.