தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரே ஒரு காலைதான் ஒதுக்க முடியும். உம்கேனி ஆற்று முகத்துவாரத்தில் பறவை பார்க்க எந்த நாள், எத்தனை மணிக்குப் போவது?

விடியற்காலையில் போங்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். காட்டுப் பறவைகளுக்கு அது சரி. முகத்துவாரத்தில் கடிகாரத்தை விடக் கடல் வற்றம்தான், அதாவது அலைநீர் இறங்கி நிற்கும் நேரம்தான் முக்கியம். நீர் உயர்ந்து நிற்கும் ஏற்றத்தில் போனால் சேறும் மணல்திட்டும் நீருக்குள் இருக்கும். சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகள் நிற்க இடமே இருக்காது.

வீட்டில் கோயில் காலண்டர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் டர்பன் கரையில் வற்றம் காலை 10 மணி வாக்கில் வரும். அடுத்தடுத்த நாட்களில் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அஷ்டமி வந்தால் கதை தலைகீழ், அதே 10 மணிக்கு ஏற்றம். நாளைத் தேர்ந்த பிறகு சரியான நேரத்துக்கு வற்ற அட்டவணையைப் பாருங்கள். அது கடற்கரைக்குப் போட்ட கணக்கு. ஆற்றுக்குள் நீர் இறங்கச் சற்றுத் தாமதமாகும்.

வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், நீர் ஏறத் தொடங்கிய பிறகும் இரண்டு மணி நேரம் இருங்கள். முழு வற்றத்தில் பறவைகள் தூரத்தில் சிதறி மேயும். நீர் ஏற ஏறச் சேறு சுருங்கி அவை தாமாகவே உங்கள் பக்கம் வரும். பாதிப் பேர் இதற்குள் கிளம்பிவிடுவார்கள்.

நிற்க வேண்டியது வடகரை. குளிர்காலத்தில் (இங்கே அது ஜூன், ஜூலை) சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். தென்கரையின் புளூ லகூனிலிருந்து பார்த்தால் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அங்கே பாட்டும் பிக்னிக்குமாகக் கூட்டம் வேறு.

அக்டோபர் முதல் மார்ச் வரை வலசை உள்ளான்கள் வரும். கொசு உள்ளானுக்கு அலகு குட்டை, நேர். அதைவிடப் பெரிதாய், அலகு கீழ்நோக்கி வளைந்து, பறக்கும்போது வாலடி வெள்ளையாகத் தெரிந்தால் அது வளைமூக்கு உள்ளான். ஜூன், ஜூலையில் போகிறவர்கள் இவற்றை எதிர்பார்க்க வேண்டாம். அப்போதைய பரிசு பீச்வுட் அலையாத்திக் காட்டின் கண்டல் மீன்கொத்தி. கோடையில் தெற்கே ஈஸ்டர்ன் கேப் மாகாணப் பக்கம் கூடு கட்டிவிட்டுக் குளிருக்கு இங்கே வரும். அலகு சிவப்பு, தலை கோடில்லாத சாம்பல். தலையில் பழுப்புக் கோடு தெரிந்தால் அது ஆண்டு முழுக்க இருக்கும் பழுப்புத்தலை மீன்கொத்தி. ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

8×42 பைனாகுலர் போதும். ஸ்கோப் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) இருந்தால் 30 மடங்குக்கு மேல் ஏற்றாதீர்கள், கானல் அலையில் உருவம் கலங்கும். மேற்கே மலைப்பக்கம் பெருமழை பெய்திருந்தால் இரண்டு மூன்று நாள் தள்ளிப் போடுங்கள். ஆறு பெருகி வற்றத்திலும் திட்டு வெளியே வராது. சேற்றில் இறங்க வேண்டாம், கால் புதையும். ஆற்றில் கழிவுநீர் கலப்பதும் உண்டு. தனியாகப் போகாமல் மூன்று நான்கு பேராகப் போங்கள், கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு நடக்காதீர்கள்.