மொட்டை மாடி வேண்டாம், ஹால் போதும்

கேள்வி: பத்து வயதுப் பேரனின் பிறந்த நாளுக்கு ரிமோட் ஹெலிகாப்டர் வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் நான்கு மணிக்கு மொட்டை மாடியில் பறக்கவிட்டான். ஆள் உயரம் ஏறியதும் சொன்னபடி கேட்கவில்லை. விட்டுவிட்டு இரைந்து, காற்றில் சாய்ந்து, பக்கத்து வீட்டு ஷீட் கூரையில் போய் மோதி இறக்கை உடைந்துவிட்டது. பணம் போச்சே என்று அவனைத் திட்டிவிட்டேன். இப்போது இன்னொன்று கேட்கிறான். கொஞ்சம் பெரியதாக வாங்கினால் தாங்குமா?
– ஒரு வாசகர், திருச்சி

ஐயா, முதலில் பேரனைக் கூப்பிட்டு, "உன் மேல் தப்பில்லைடா" என்று சொல்லிவிடுங்கள். அவன் கை பழகாதது காரணமே இல்லை.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அது டி.வி. ரிமோட் போல அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்யும் வகை என்றே தோன்றுகிறது. வெயிலிலும் அந்தக் கதிர் ஏராளமாக இருக்கிறது. அதற்கு நடுவில் ரிமோட் அனுப்பும் சின்ன சைகை ஹெலிகாப்டருக்கு எட்டாது. எட்டியும் எட்டாமலும் மோட்டார் விட்டுவிட்டு ஓடும். சோதித்துப் பார்க்கலாம். ரிமோட்டை இயக்கி, அதன் முன்பக்கத்தை போனின் செல்ஃபி கேமராவில் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஊதா நிறத்தில் மின்னினால் அகச்சிவப்பு வகைதான். இதோடு மாடிக் காற்றும் சேர்ந்திருக்கிறது. இந்தச் சின்ன ஹெலிகாப்டர்கள் சுமார் 40 கிராம்தான், ஒரு கோழிமுட்டை எடைகூடக் கிடையாது. காற்றை எதிர்த்து நிற்க அவற்றால் முடியாது.

பெரியது வேண்டவே வேண்டாம். எடை கூடக் கூட மோதும் பலமும் கூடும், இறக்கை முகத்தில் பட்டால் காயமும் பெரிதாகும். பழகுகிறவனுக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஓர் அடுக்கு மட்டும் சுழன்றால், ஹெலிகாப்டரின் உடல் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் நிஜ ஹெலிகாப்டரின் வாலில் சின்ன விசிறி இருக்கிறது. இரண்டு அடுக்கும் எதிரெதிராகச் சுழன்றால் ஒன்றின் திருகலை மற்றொன்று சரிக்கட்டிவிடும். உச்சியில் இரு முனையிலும் சிறு எடை வைத்த கம்பி ஒன்றும் சுற்றும். உடல் சாய்ந்தால் நிமிர்த்துவது அதன் வேலை. ஆக, அந்தரத்தில் நிற்பதை ஹெலிகாப்டரே பார்த்துக்கொள்ளும். பையன் திருப்பவும் முன்னே ஓட்டவும் கற்றுக்கொண்டால் போதும்.

மேலே கீழே, இடம் வலம் திரும்புதல், முன்னே பின்னே: ரிமோட்டில் இந்த மூன்று அசைவுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு, அதாவது மூன்று சேனல், இருக்க வேண்டும். இரண்டே சேனல் உள்ளதை நினைத்த இடத்துக்கு ஓட்ட முடியாது, அவன் சலித்துப்போவான். பெட்டியில் மூன்றரை சேனல் என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள், அந்த அரையால் இன்னொரு திசையில் பறக்காது. சைமா எஸ்107ஜி என்ற மாடல் இந்த வகையில் பல ஆண்டுகளாகப் பேர் வாங்கியது. ஒரு சாண் நீளம், ஏழெட்டு நிமிடம் பறக்கும். அகச்சிவப்புதான், ஆனால் ஹாலுக்குள் அது குறையே இல்லை. ரேடியோ ரிமோட் உள்ளது கிடைத்தால் வெயில் தொல்லை போகும், காற்றுத் தொல்லை போகாது.

கடையில், "இதுக்கு ஸ்பேர் இறக்கை கிடைக்குமா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பழகும்போது இறக்கை உடையத்தான் செய்யும். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள், 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம்.

அப்புறம், முதல் நாள். ஹாலில் ஃபேனை நிறுத்திவிடுங்கள். மேலே மோதுவதைவிட, ஃபேன் காற்று அவனைக் குழப்புவதுதான் பெரிய தொந்தரவு. மிதியடி, பாய் இல்லாத வெறும் தரையில், வால் அவனைப் பார்த்திருக்கும்படி வையுங்கள். தரையை ஒட்டி மெதுவாகத் தூக்கினால், தன் காற்றே தரையில் பட்டுத் திரும்பி அதை ஆட்டும். தயங்காமல் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டால் அடங்கிவிடும். தானாகவே ஒரு பக்கம் சுற்றினால் ரிமோட்டில் இருக்கும் ட்ரிம் பொத்தானால் சரிசெய்யலாம். மூக்கு அவனைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடமும் வலமும் மாறித் தெரியும். எல்லாரும் தடுமாறும் இடம் அது, அங்கே அவசரப்படுத்தாதீர்கள்.

ஒன்றை மட்டும் பத்து முறை சொல்லுங்கள்: மோதப்போகிறது என்று தெரிந்ததும் ஏற்றும் குச்சியை அடியோடு கீழே இழுத்துவிட வேண்டும். மோதிய பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால்தான் இறக்கையும் பல்சக்கரமும் போகும். நின்ற இறக்கையோடு விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

பேட்டரி லித்தியம் வகை. பறந்து இறங்கியதும் சூடாக இருக்கும், கால் மணி நேரம் ஆறவிட்டு சார்ஜ் போடுங்கள். போட்டுவிட்டுத் தூங்கப் போக வேண்டாம். உப்பியிருந்தால் அதை அப்புறம் பயன்படுத்தவே கூடாது.

சரி, உடைந்த ஹெலிகாப்டர் இன்னும் வீட்டில் இருக்கிறதா? இரண்டு அடுக்கு இறக்கை உள்ளதுதான் என்றால், புதிது வாங்கும் முன் அதன் மாடல் எண்ணைப் பார்த்து இறக்கை செட் மட்டும் தேடுங்கள். மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் இறக்கை வேறு வேறு, ஏ, பி என்று குறித்திருப்பார்கள்; மாற்றிப் போட்டால் எழும்பாது. திருகாணியை ஒரேயடியாக இறுக்கவும் கூடாது, பக்கவாட்டில் சாய்த்தால் இறக்கை தானாகத் தொங்கி அசைய வேண்டும். பேரனையே மாட்டச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடியுங்கள்.