நட்டது ரோஸ், பூத்தது நீலம்: ஹட்டனுக்கு வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து கல்யாணமாகி இலங்கை மலையகத்து ஹட்டனுக்கு வந்து ஒன்றரை வருடம். போன ஏப்ரல் சீசனில் நுவரெலியா போனபோது, ரோஸ் கலரில் பந்து பந்தாகப் பூத்திருந்த ஹைட்ரேஞ்சியாச் சட்டி ஒன்றை வாங்கி வந்து வாசலில் நட்டிருக்கிறீர்கள். இந்த வருடம் அது நீலமாகப் பூத்திருக்கிறது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்கிறீர்கள் நீங்கள். "இங்க அப்படித்தான் பூக்கும்" என்கிறார் மாமியார். டொரொண்டோவில் இருக்கும் உங்கள் அக்கா வீட்டில், எந்தப் பனிக்கும் சாகாத, நிறமும் மாறாத ரோஸ் செடி ஒன்று இருக்கிறதாம். வரும்போது அதில் ஒரு குச்சி ஒடித்து வருகிறேன் என்கிறாராம். கொண்டு வரலாமா, இங்கே வளருமா?

மாமியார் சொன்னதுதான் சரி. கடைக்காரர் மேல் தப்பில்லை.

நான் 2006-ல் போடிநாயக்கனூரிலிருந்து நானுஓயா பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் நானும் இதே செடியை வாங்கினேன், இதே ஏமாற்றம் பட்டேன். அதைவிட, அதைச் சொல்லிப் புலம்பியபோது பட்டதுதான் கூத்து. "எங்க தோட்டத்துல ஒரு செடி நட்டேன்" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் ஆரம்பித்தேன். "எந்தத் தோட்டம்? எந்த டிவிஷன்?" என்று கேட்டார். இங்கே தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம்தான். வாசலில் நாலு செடி வைத்திருப்பதைப் பூந்தோட்டம் என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் தீரும்.

நிற விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பூவில் நமக்குப் பகட்டாகத் தெரிவது அல்லி இதழ் இல்லை, புல்லி இதழ். ரோஸுக்கும் நீலத்துக்கும் அதில் இருக்கும் சாயம் ஒன்றேதான். அந்தச் சாயத்தோடு அலுமினியம் சேர்ந்தால் நீலம், சேராவிட்டால் ரோஸ். அலுமினியம் எல்லா மண்ணிலும் இருக்கிறது. ஆனால் மண் புளிப்பாக இருந்தால்தான் அது கரைந்து வேருக்குப் போகும். மண்ணின் புளிப்பைச் சொல்கிற எண் பிஎச், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பிஎச் 5.5-க்குக் கீழே நீலம், 6-ஐத் தாண்டினால் ரோஸ், நடுவில் ஊதாவா நீலமா என்று தெரியாத ஒரு அழுக்கு நிறம்.

ஹட்டன் மண் புளிப்பாக இல்லாமல் எப்படி இருக்கும்? தென்மேல் பருவமழை நேராக வந்து மோதுகிற சரிவு அது. காலங்காலமாகக் கொட்டுகிற மழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கழுவி ஆற்றோடு அனுப்பிவிடுகிறது. தேயிலைக்கு அதுதான் வேண்டும், 4.5 முதல் 5.5 வரையான பிஎச்சில்தான் அது செழிக்கும். தேயிலையே அலுமினியத்தை உறிஞ்சி முற்றிய இலைகளில் சேர்த்து வைத்துக்கொள்கிற செடி. 1867-ல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் நட்டதிலிருந்து இந்த மலைகளில் தேயிலை இவ்வளவு நன்றாக வந்ததற்கும், உங்கள் வாசலில் ரோஸ் நீலமானதற்கும் காரணம் ஒரே மண்தான். நீங்கள் வாங்கிய செடி நர்சரியில் சட்டிக் கலவையில் வளர்ந்தது. உங்கள் வீட்டு மண்ணில் வேர் ஓடியதும் அந்த மண்ணின் நிறத்துக்கு மாறிவிட்டது.

எனக்கு இது புத்தகத்தில் படித்து விளங்கவில்லை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், குசினிக்குப் பின்னால் ஒரு பழைய புதர் உண்டு. ஒரு பக்கம் சிமெந்துக் கான், நம்ம ஊர்ச் சாக்கடைதான். அடுப்புச் சாம்பலையும் வருடக்கணக்காக அங்கேதான் கொட்டியிருக்கிறார்கள். கான் பக்கத்துக் கிளைகளில் ரோஸ், சரிவுப் பக்கத்துக் கிளைகளில் நீலம், ஒரே செடியில்! சாம்பலும் சிமெந்திலிருந்து கசியும் சுண்ணாம்பும் அந்தப் பக்கத்துப் புளிப்பை முறித்திருக்கின்றன. அதைப் பார்த்த உற்சாகத்தில் நான் வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பை இரண்டு டப்பா கரைத்து என் செடிக்கு ஊற்றினேன். பத்து நாளில் இலை கருகி, செடி போயே போய்விட்டது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

ரோஸ் வேண்டுமென்றால் சட்டியில் வையுங்கள். தரையில் மழையோடு மல்லுக்கட்ட முடியாது. போட்டதை அடுத்த பருவமே கழுவிக்கொண்டு போய்விடும். ஒரு அடி அகலச் சட்டி, அடியில் பெரிய ஓட்டைகள், ஓட்டை மேல் ஓட்டாஞ்சில்லு. கொம்போஸ்ட் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, வாசல் மண் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதில் டொலமைட், அதாவது சுண்ணாம்பும் மக்னீசியமும் உள்ள கல்லுப் பொடி, இரண்டு மூன்று மேசைக்கரண்டி கலக்குங்கள். டொலமைட்டை எங்கே தேடுவது என்று கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். தேயிலைக்கே போடுவதால் டவுனில் உரக்கடைகளில் கிடைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலே ஒரு கரண்டி தூவிக் கிளறிவிடுங்கள். பொஸ்பேட் கொஞ்சம் கூடுதலான உரம் கிடைத்தால் அதுவும் ரோஸுக்குத் துணை, அலுமினியத்தைப் பிடித்துக் கட்டிவிடும். தேயிலைக்குப் போட்டு மிஞ்சிய அமோனியம் சல்பேட்டை இதற்குப் போடாதீர்கள், அது புளிப்பைக் கூட்டும். இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் டொலமைட் கூடிவிட்டது என்று அர்த்தம், நிறுத்திவிடுங்கள். இத்தனையும் செய்தாலும் நிறம் ஒரே மாதத்தில் மாறாது. அடுத்த பூவில்தான் தெரியும், சில சமயம் அதற்கும் அடுத்ததில்.

காலை வெயில், மதியத்துக்கு மேல் நிழல். தண்ணீர் நன்றாகக் குடிக்கும். ஜூன், ஜூலை அடைமழையில் பூக்கொத்து ஊறிக் கனத்துக் கிளையோடு சாய்ந்துவிடும், அதனால் சட்டியைத் தாவாரத்துக்கு இழுத்துவிடுங்கள். சட்டியில் வைப்பதில் அந்த ஒரு லாபம். ஜனவரி, பெப்ரவரியில் தரைப்பனி விழுந்து கொழுந்தைக் கருக்குவது நுவரெலியாக்காரர் கவலை. நாங்கள் இரவில் பழைய சாக்கைப் போர்த்துகிறோம்.

கவ்வாத்து, அதாவது கிளை வெட்டுகிற விஷயத்தில் மட்டும் இந்த ஊர்க்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். எங்கள் பக்கத்தில் முப்பது வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்த தாத்தா ஒருவர், நான் ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, உதவி செய்கிறேன் பேர்வழி என்று என் செடியைத் தேயிலை போலவே முழங்கால் உயரத்துக்குத் தட்டையாக வெட்டிவிட்டார். அழகாகத்தான் வெட்டியிருந்தார். அடுத்த வருடம் முழுக்க இலைதான், ஒரு பூ இல்லை. இந்த இனம் பழைய தண்டின் மொட்டில்தான் பெரும்பாலும் பூக்கும். பூ வாடியதும், அதன் கீழே தடித்த மொட்டு ஜோடி எங்கே இருக்கிறதோ அதற்கு மேலே மட்டும் கிள்ளுங்கள். காய்ந்த குச்சியை அடியோடு எடுக்கலாம், அவ்வளவுதான்.

இனி உங்கள் அக்காவின் செடி. அவர் சொல்வது பொய்யில்லை. வட அமெரிக்காவிலேயே காட்டுச் செடியாக இருக்கும் வேறொரு ஹைட்ரேஞ்சியா இனம் அது. வெள்ளையாகப் பூக்கும் 'அன்னபெல்' அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. அதிலிருந்து ரோஸ் பூக்கும் 'இன்வின்சிபெல் ஸ்பிரிட்'டை வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். அதன் ரோஸ், மண்ணைப் பார்த்து நீலமாகாது. மைனஸ் 30 பாகைக்குக் கீழே போனாலும் வேர் பிழைக்கும். அந்த வருடத் தளிரிலேயே பூப்பதால் ஒட்ட வெட்டினாலும் கெடுதல் இல்லை. எங்கள் கவ்வாத்துத் தாத்தாவுக்கு ஏற்ற செடி! ஆனால் குளிர் தாங்கும் என்பது அங்கே பெரிய குணம், இங்கே அதற்கு வேலையே இல்லை. ஹட்டனில் உறைபனிக்காலம் எங்கே இருக்கிறது? அது இலை உதிர்த்து மாதக்கணக்கில் தூங்கி எழுந்து பூக்கிற செடி. தூங்கவே விடாத ஊரில் அதை நட்டு, நன்றாகப் பூக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

அதோடு, குச்சியைப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரச் சொல்லவே சொல்லாதீர்கள். செடி எதுவானாலும் விவசாயத் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும், கட்டுநாயக்காவில் தாவரத் தொற்றுக்காப்பு நிலையம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இதற்காகத்தான். மலையகத்துக்கு அந்தப் பயம் நியாயமானதும்கூட. 1869-ல் வந்த ஒரு இலை நோய்தான் இந்த மலைகளில் இருந்த கோப்பி முழுவதையும் தின்று தீர்த்தது. அக்காவிடம் கனடிய மேப்பிள் சிரப் கேளுங்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். உங்கள் மாமியார் மாடு வளர்க்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஹைட்ரேஞ்சியா இலை, பூ எல்லாமே நஞ்சு. வெட்டிய தழையைப் புல்லுக்கட்டோடு போட்டுவிடாதீர்கள், ஆட்டுக்கும் ஆகாது.

வாசலில் இருக்கும் நீலத்தைப் பிடுங்க வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும். அதிலிருந்து பூக்காத கிளையாகப் பார்த்து, ஒரு சாண் நீளம், இரண்டு கணு, இலையைப் பாதியாக நறுக்கி, மணலும் கொம்போஸ்டும் கலந்து நிழலில் குத்தி வையுங்கள். இந்த ஈரத்தில் நாலு வாரத்தில் வேர் விடும். நான் சொன்ன சட்டிக்கு அதையே மாற்றுங்கள், புதிதாக வாங்கிக் காசை விரயமாக்க வேண்டியதில்லை. மழை பிடிப்பதற்குள் குத்திவிட்டால் நல்லது. நானுஓயா ஸ்டேஷன் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், கானோரத்துப் புதரைக் காட்டுகிறேன். பிளேன்டீ குடித்துக்கொண்டே ஒரு பக்கம் ரோஸும் மறுபக்கம் நீலமும் பார்க்கலாம்.