வேத வினா விடை: கொசுறாக வந்த குருவி

கேள்வி: ஐயாவுக்கு ஸ்தோத்திரம். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற எரேமியா 29:11 இருந்தது. என் கணவர்தான் அதைச் சமையலறைக் கதவில் ஒட்டினார். மார்ச் மாதத்தில் மாரடைப்பால் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வருகிறவர்கள் எல்லாரும், "விசுவாசமாயிருங்கள், அழாதீர்கள்" என்கிறார்கள். அட்டையைப் பார்க்கவும் முடியவில்லை, கிழிக்கவும் மனம் வரவில்லை. என்பேரில் தேவன் நினைத்த நினைவு இதுதானா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: சகோதரி, அட்டை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அதைக் கிழிக்கவும் வேண்டாம், அதைப் பார்த்து உங்களைக் கட்டாயமாகத் தேற்றிக்கொள்ளவும் வேண்டாம். வருடத்தின் முதல் நாளில் ஒரு வசனத்தைக் கையில் வாங்குவது நம் சபைகளின் அருமையான வழக்கந்தான். ஆனாலும் நீண்ட கடிதம் ஒன்றிலிருந்து ஒரு வரியை மட்டும் எடுத்துப் பூப்படம் போட்டு அச்சிடும்போது, அது யாருக்கு, எந்த நிலையில் எழுதப்பட்டது என்பது அட்டைக்கு வெளியே நின்றுவிடுவதைக் குறித்து எனக்கு நெடுநாளாகவே வருத்தம் உண்டு.

எரேமியா 29, கி.மு. 597-இல் பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் சென்ற மக்களுக்கு எழுதப்பட்ட கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று ஆலயத்தில் நின்று அறிவிக்கிறான். கேட்பதற்கு இனிமையான வாக்கு அவனுடையதுதான். எரேமியாவோ 70 வருடம் என்று எழுதுகிறார், அதுவும் உங்கள் அட்டையிலுள்ள வசனத்துக்குச் சரியாக ஒரு வசனம் முன்னதாக. அக்கடிதத்தை வாசிக்கக் கேட்ட மூப்பர்கள் சொந்த ஊரை மறுபடி காணும் எதிர்பார்ப்புக்கு அதில் இடமே இல்லை. ஆகவே, இந்த வருடம் உங்கள் வீட்டுக்கு மரணம் வராது என்ற உறுதிச்சீட்டாக அவ்வசனம் ஒருநாளும் இருந்ததில்லை. எல்லாவற்றையும் இழந்து நின்றவர்களிடம், அவர்கள் இழந்து நின்ற இடத்துக்கே அனுப்பப்பட்ட சொல் அது.

ஆண்டவர் அடைக்கலான் குருவிகளைப் பற்றிச் சொன்னதையும் இதே கண்ணோடு வாசித்துப் பாருங்கள். மத்தேயு 10:29-இல் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்கா 12:6-இல் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி நான்குதானே வர வேண்டும்? ஐந்தாவது குருவி கொசுறு. அக்காலத்தில் ஒரு நாள் கூலியில் 16-இல் ஒரு பங்கே அந்தக் காசு; அந்தக் காசுகூடப் பெறாத அந்த ஐந்தாவதையும் சேர்த்துத்தான், "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை" என்கிறார். குருவி விழாது என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்; பிதாவை விட்டுத் தனியே அது விழுவதில்லை என்றார்.

அழாதீர்கள் என்கிறவர்களைப் பற்றி ஒரு சொல். யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல சிநேகிதராகவே இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வழுவினார்கள். மரித்துப்போன லாசருவைச் சில நிமிடங்களில் எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்த இயேசுவும் கண்ணீர் விட்டார். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதம் நம்பிக்கையில் முடிகிறது. 88-ஆம் சங்கீதமோ அப்படி முடிவதில்லை, எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள்தான். அதையும் ஜெபம் என்றே வேதம் வைத்திருக்கிறது. உங்களுக்குச் சொந்த வார்த்தை வராத நாட்களில் அந்த இரண்டையும் வாய்விட்டு வாசியுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். அவர் ஏன் மார்ச் மாதத்தில் போனார் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. தன்னிடம் இருக்கிறது என்கிறவரை நான் நம்பவும் மாட்டேன். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது, அவனுக்கு விளக்கமும் வரவில்லை, கண்டனமும் வரவில்லை. அவன் தூங்கினான், தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான், மறுபடியும் எழுப்பி ஊட்டினார்கள் என்றே சொல்லலாம். ஓரேப் மலையில் கர்த்தர் அவனோடு பேசியது 40 நாள் நடந்த பிறகுதான். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, இரவில் உறங்குகிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. உறக்கம் வாரக்கணக்கில் இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். அதை விசுவாசக் குறைவு என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: 1 பேதுரு 5:7-இல், "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்று வருகிறது. அப்படியென்றால் போலீஸ் விசாரணை போலவா என்று பள்ளியில் படிக்கும் என் மகன் கேட்கிறான்.
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பையனைக் குறை சொல்ல முடியாது, இன்று அவன் செய்தித்தாளில் காண்கிற விசாரணை அதுதான். மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு, ஒருவரைக் குறித்து அக்கறையாயிருத்தல் என்று பொருள். "வைத்துவிடுங்கள்" என்பதற்கு அங்கே இருப்பது எறிந்துவிடுதலைக் குறிக்கும் சொல். கழுதைக்குட்டியின்மேல் சீஷர்கள் தங்கள் வஸ்திரங்களைப் போட்டார்கள் என்று லூக்கா 19:35 சொல்லும் அதே சொல். விசாரித்தலின் பழைய பொருளும் நம் வாயை விட்டு முழுதும் போய்விடவில்லை. ஊரிலிருந்து பாட்டி வந்ததும், பையை இறக்கி வைப்பதற்கு முன்னே, "சாப்பிட்டாயா, ஏன் இளைத்துப்போனாய்" என்று அவனிடம் கேட்பார்களே, அந்த விசாரிப்பு என்று மகனிடம் சொல்லுங்கள்.