பேத்தி பெயரில் தாத்தா பணம் போட்டால் உரிமைத்தொகை நிற்குமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறோம். கணவர் வலை, கயிறு விற்கும் கடை வைத்திருக்கிறார். வருட வருமானம் 2,10,000 ரூபாய். எனக்கு மகளிர் உரிமைத்தொகை வருகிறது, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனுக்குப் பள்ளி மூலம் உதவித்தொகை. நெய்வேலியில் ஓய்வு பெற்ற மாமனார் 4 வயது மகள் பெயரில் 3 லட்சம் டெபாசிட் போட நினைக்கிறார்; மகனுக்கும் ஒரு கணக்கு தொடங்கித் தருகிறேன் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் மகளுக்கு மாதம் 5,000 அனுப்பத் தயார். பிள்ளைகள் பெயரில் பணம் சேர்ந்தால் அரசுப் பணம் நின்றுவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: உரிமைத்தொகை விதிகள் கேட்பது குடும்பத்தின் ஆண்டு வருமானம், நிலம், மின்சார யூனிட், நான்கு சக்கர வாகனம் போன்றவற்றை. பிள்ளையின் பாஸ்புக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதில்லை. தாத்தாவோ தாய்மாமனோ கொடுக்கும் அன்பளிப்புக்கு வரியும் கிடையாது, எவ்வளவு பெரிய தொகையானாலும். கவனிக்க வேண்டியது அந்தப் பணம் ஈட்டும் வட்டியை.

மைனர் பெயரில் வரும் வட்டியை, தாய் தந்தையில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் வருமானத்தோடு சேர்க்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டம். பணம் போட்டது தாத்தா என்பதால் இது மாறாது. 3 லட்சத்துக்கு 7 சதவீதம் வட்டி என்று வைத்தால் வருடம் 21,000. உங்கள் கணவர் கணக்கு 2,31,000 ஆகும், உரிமைத்தொகைக்கான 2.5 லட்ச வரம்புக்குள்தான். மாமனார் மனசு இளகி 6 லட்சம் போட்டால் வட்டி 42,000, மொத்தம் 2,52,000. வரி ஒரு ரூபாய்கூட வராது, ஆனால் வரம்பு தாண்டிவிடும். மகனின் உதவித்தொகைக்கான வருமானச் சான்றிதழிலும் இதே 2.5 லட்சம்தான் இடிக்கும். கடன் எளிதாகக் கிடைக்குமென்று கடை வருமானத்தைக் கூட்டிக் காட்டி வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்கிறவர்களும் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

அதனால் என் யோசனை: அந்த 3 லட்சத்தை மாமனார் தன் பெயரிலேயே மூத்த குடிமக்கள் டெபாசிட்டாகப் போடட்டும், பேத்தியை நாமினியாகக் காட்டட்டும். பெரும்பாலான வங்கிகளில் அரை சதவீதம் கூடுதல் வட்டி கிடைக்கும். அந்த வட்டி அவருடைய வருமானம், உங்கள் வீட்டுக் கணக்கில் ஏறாது. நாளை ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அவரே எடுத்துக்கொள்ளலாம். பேத்தி பெயருக்குப் போய்விட்டால் அது பேத்தி பணம், திரும்பக் கேட்க முடியாது. நாமினி மைனர் என்பதால், அவளுக்காகப் பணம் பெறும் பெரியவர் ஒருவர் பெயரையும் படிவத்தில் எழுத வேண்டும். நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டுமே, வாரிசு உரிமை வேறு. உங்கள் கணவருக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் மாமனார் ஒரு உயில் எழுதி வைப்பது அவசியம்.

அண்ணன் பணத்துக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தை விடச் சிறந்தது இல்லை. அதன் வட்டிக்கு வரியே கிடையாது. கணக்கை நீங்களோ கணவரோதான் தொடங்க முடியும். தாய் தந்தை இருக்கும்போது தாத்தாவோ மாமனோ தொடங்கக் கூடாது. தாத்தா பாட்டி முன்பு தொடங்கிய கணக்குகளையே பெற்றோர் பெயருக்கு மாற்றச் சொல்லி 2024 அக்டோபரில் நடைமுறை வந்துவிட்டது. மகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் கார்டு, போட்டோவோடு அஞ்சலகத்துக்குப் போங்கள். வருடத்துக்குக் குறைந்தது 250, அதிகபட்சம் 1.5 லட்சம். யார் கொடுத்த பணமானாலும் எல்லாம் சேர்த்துத்தான் இந்த உச்சவரம்பு. கூடுதலாகக் கட்டியதற்கு வட்டி வராது.

அண்ணன் பணம் உங்கள் கணக்குக்கு வரட்டும், மாதம் 5-ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். 5-ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை இருக்கும் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 6-ஆம் தேதி கட்டினால் அந்த மாத வட்டி போச்சு. 15 வருடம் கட்டி 21-ஆம் வருடம் எடுக்கும்போது, இப்போதைய 8.2 சதவீதம் மாறாமல் இருந்தால் 27 லட்சத்துக்கு மேல் வரும். இந்த விகிதத்தை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும், ஏறலாம், இறங்கலாம். இது அன்பளிப்பு என்று அண்ணனிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் வெளிநாட்டுப் பணம் வருவதை யாராவது உங்கள் வருமானமாக எண்ணினால் காட்ட உதவும்.

பக்கத்து வீட்டில் சொன்ன 'பணம் நின்றுபோச்சு' கதைகளில் பலவற்றுக்குக் காரணம் வருமானமே இல்லை, ஆதார் இணைப்புதான். அரசுப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை. பணம் பெறுகிறவரின் ஆதாரோடு கடைசியாக எந்த வங்கியை இணைத்தோமோ அங்கே போகும். தாத்தா மகனை அழைத்துப்போய் புதுக் கணக்கு தொடங்கும்போது, அரசு மானியம் இந்தக் கணக்குக்கு வரட்டும் என்று சம்மதம் கேட்கும் கட்டம் படிவத்தில் இருக்கும். பலர் படிக்காமல் டிக் அடித்துவிடுகிறார்கள். அடுத்த உதவித்தொகை புது வங்கிக்குப் போய்விடும், நீங்கள் பழைய பாஸ்புக்கில் வரவு பதிந்து பார்த்துப் பணம் வரவில்லை என்பீர்கள். அடையாளத்துக்கு ஆதாரைக் கொடுங்கள், அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விடுங்கள். உங்கள் பெயரில் புதுக் கணக்கு எதுவும் தொடங்கினாலும் இதே எச்சரிக்கை.

இணைப்பு ஏற்கெனவே மாறியிருக்கிறதா என்று ஆதார் இணையதளத்தில் ஓடிபி கொடுத்து உள்ளே போய், வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் பார்க்கலாம். வேறு வங்கி பெயர் வந்தால் பதற வேண்டாம், பணம் அங்கேதான் இருக்கும். பழைய வங்கிக் கிளையில் ஆதார் இணைப்புப் படிவம் மறுபடி எழுதிக் கொடுத்தால், அது பதிவானதும் அடுத்த தவணைகள் பழைய கணக்குக்கே திரும்பும்.