ஸ்விஃப்டுக்கு டயர்: சத்தமும் குறையணும், நாளும் உழைக்கணும்

உங்கள் மாருதி ஸ்விஃப்ட் காருக்குச் சத்தம் குறைவான, ரொம்ப நாள் உழைக்கும் டயர் எது என்று கேட்டீர்கள். இப்போதுள்ள 185/65 ஆர்15 அளவை மாற்றாமல் மிஷலின் எனர்ஜி எக்ஸ்எம்2 பிளஸ் போடுங்கள். வாங்கும்போது விலை சற்றுக் கூடுதல்தான், ஆனால் ஓடும் தூரத்துக்குக் கணக்குப் போட்டால் கட்டுப்படியாகும். அது முடியாதென்றால் அப்போலோ அமேசர் 4ஜி லைஃப். நன்றாக உழைக்கும், சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம்.

ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு விஷயம். 42,000 கி.மீ. ஓடிய டயர், 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் 'ஊ'வென்று இரைகிறது என்கிறீர்கள். முன், பின் டயர்களை இடம் மாற்றாமலே ஓட்டியிருந்தால் பின் டயர்கள் ரம்பப் பல் மாதிரி தேய்ந்திருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு டயர் மேல் உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் தடவும்போது வழவழப்பு, எதிர்த்திசையில் சொரசொரப்பு என்றால் அதுதான் காரணம்.

இரண்டு திசையிலும் ஒரே மாதிரியா? அப்போது வீல் பேரிங்கை, அதாவது சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் பாகத்தை, சந்தேகப்படுங்கள். காலிச் சாலையில் ஸ்டியரிங்கை லேசாக இடம், வலம் திருப்பும்போது இரைச்சல் கூடிக் குறைந்தால் பெரும்பாலும் பேரிங்தான். நான் இதைப் பார்க்காமல் நாலு டயரையும் மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு வீடு வந்து சேர்ந்தவன்!

கடையில் டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2225 என்றால் 2025-இன் 22ஆவது வாரத் தயாரிப்பு. ஒரு வருடத்துக்கு மேல் பழையதை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள்.

ரொம்ப நாள் உழைக்கும் கடினமான ரப்பர், மழைச் சாலையில் பிடிமானத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மலைப்பாதையில் அடிக்கடி போகிறவர் என்றால் சொல்லுங்கள், என் பதில் மாறும்.